எழுத வருபவருக்கு எதைக் காட்டப் போகிறோம்?

(மாத்தளை மாவட்டத் தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2023 ஆகஸ்ட் மாதத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட 'மாண்புமிகு மலையக மக்கள்' நடைபயணம் 12ஆம் திகதி நம் மாத்தளையில் வந்து முடிந்தது. நம்மவர்கள் வந்து 200 வருடம் என்று பத்திரிகைகள் எழுதின. அதே மாதத்தில்தான் எல்கடுவ ரத்வத்த தோட்டத்தில் ஒரு குடும்பத்தின் குடியிருப்பை உடைத்தார்கள். போனில் எடுத்த காட்சி நாடு முழுக்கப் பரவி, அமைச்சரே தோட்டத்துக்கு வந்தார்.

அந்தக் காட்சி இல்லாவிட்டால் விஷயம் மலையைத் தாண்டியிருக்காது. ஆனால் காட்சி சில நிமிடம்தான். லயத்துக் காம்பரா ஒன்றில் எத்தனை பேர் படுக்கிறார்கள், தனியாகக் கூரை போட ஏன் தேவை வருகிறது, காணி யார் பேரில் இருக்கிறது என்பதையெல்லாம் கேட்டு எழுத, கமரா போன பிறகும் ஒருவர் இருக்க வேண்டும்.

அப்படி எழுதிய ஒருவர் நமக்கு இருந்தார். தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர். வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் வழக்குப் போட்ட காலம் அது. அவர் புடவை வியாபாரி வேடத்தில் உள்ளே போனார். புடவைக்காரரிடம் நம் பெண்கள் கதைக்காமல் இருப்பார்களா! கண்டதையும் கேட்டதையும் எழுதினார். 1921இல் 'தேசநேசன்', 1924இல் 'தேசபக்தன்' என்று பத்திரிகை நடத்தினார். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அவர் மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டாகப் பாடினார். 1931இல் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கமே அமைத்தார்கள்.

இன்றைக்கு வேடம் தேவையில்லை. நிருபர் நேராகவே வருகிறார். நாம் "கஷ்டம்தான் ஐயா" என்கிறோம். அவரும் கூடை சுமந்த அக்காவைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார். அந்தப் படத்தை எத்தனை தரம்தான் பார்ப்பது?

அரைப்பேர் போட்டார்களா? எந்தத் திகதி, எத்தனை கிலோ குறைந்தது, தராசில் எவ்வளவு கழித்தார்கள் என்று எழுதி வையுங்கள். சம்பளத் துண்டை அடுப்பில் போடாதீர்கள். சேமலாப நிதிக்கு நம் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பிடித்ததாக அதில் இருக்கும். தோட்டம் 12 சேர்த்துக் கட்ட வேண்டும். கட்டினார்களா என்பதை நிதிக் கணக்குக் கூற்று சொல்லும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், எந்த நிருபருக்கும் அதைவிடப் பெரிய செய்தி வேண்டாம். தொழில் காரியாலயம் இழுத்தடித்தால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும்.

பயம் இருப்பது நியாயம். "பேர் போடாதீர்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதை ஏற்காதவரிடம் கதைக்க வேண்டியதில்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கடைசி ஆறு மாதத் துண்டுகளைக் கொண்டு வாருங்கள். ஏ.எல். படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் கொப்பியோடு உட்காரட்டும்.