காலத்தில் வந்த சொல்

கல்முனையிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் வீதியொன்று கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து சவளக்கடையை அடைகின்றது. இரு மருங்கிலும் நீர்ப்பரப்பும் வயல் வெளியும் பரந்து கிடக்கும். கோடையில் அது கண்ணுக்கினிய காட்சி. மாரி பிறந்துவிட்டாலோ கதை வேறு. வடகீழ்ப் பருவக்காற்று மழையைச் சொரிய, மேற்கே சேனாநாயக்க சமுத்திரம் நிரம்பி அதன் வான்கதவுகளும் திறக்கப்படும் காலங்களில், வெள்ளம் தாம்போதியை மேவிப் பாயும். அவ்வேளைகளில் சவளக்கடை, அன்னமலை, நாவிதன்வெளி முதலாய ஊர்களின் மக்கள் கல்முனைச் சந்தைக்கும் வைத்தியசாலைக்கும் பாடசாலைக்கும் செல்வது பெரும்பாடாகிவிடும்.

அத்தகைய நாளொன்றில் தாம்போதியின் தலைப்பில் இளைஞன் ஒருவன் கோலூன்றி நிற்கின்றான் என்று கொள்வோம். அவனுக்குச் சம்பளம் இல்லை, சீருடையும் இல்லை. “தண்ணீர் ஏறுகிறது, இப்பொழுது இறங்க வேண்டாம்” என்று வருவோர்க்கெல்லாம் சொல்வதே அவன் பணி. ஓடும் வெள்ளம் ஓர் அடி உயர்ந்தாற் சிறிய மோட்டார் வண்டியைத் தள்ளிவிடும். இரண்டடி உயர்ந்தாற் பெரிய வண்டிகளும் நிலைகொள்ளா. ஆதலின் அவன் சொல்லும் அந்த ஒரு சொல் ஓர் உயிரின் விலை பெறும். நீரில் விழுந்தவனைப் பாய்ந்து மீட்பவனை ஊர் போற்றும். விழாமற் காத்தவனை எவரும் அறியார். நடவாத விபத்துக்குச் சாட்சி ஏது?

அயலாருக்கு அறிவித்தல் என்பது இப்பகுதிக்குப் புதிய வழக்கமன்று. நெல் விளையும் வட்டைகளில் வட்டவிதானை என்பவர் நெடுங்காலமாக இருந்து வருகின்றார். வாய்க்காலில் நீர் எப்பொழுது விடப்படும், எப்பொழுது நிறுத்தப்படும் என்ற செய்தியைக் கமக்காரர் செவியிற் சேர்ப்பவர் அவரே. அச்செய்தி ஒரு நாள் பிந்தினாற் கடைமடை வயல் காயும். பள்ளிவாசல் ஒலிபெருக்கி தொழுகைக்கு அழைப்பதோடு ஊரில் நிகழ்ந்த மௌத்தையும் அறிவிக்கின்றது. அது கேட்ட மாத்திரத்தே கபுறு வெட்டுவோரும் பிறரும் தாமாக வந்து கூடுகின்றனர். செய்தியும் சேவையும் ஒன்றையொன்று விட்டுப் பிரியா என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

சொல்வாரின்றிப் போனால் யாது நேரும் என்பதையும் இக்கரை கண்டது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை, ஏழு மணிக்குச் சற்று முன்னர், சுமாத்திராவுக்கு அப்பாற் கடலடி நிலம் அதிர்ந்தது. அலை கீழைக் கரையை அடைய ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அந்நேரம் முழுவதும் மருதமுனையிலும் பாண்டிருப்பிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் மக்கள் வழமைபோலத் தம் அலுவல்களிலே ஈடுபட்டிருந்தனர். அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். காலம் இருந்தது, சொல் இருக்கவில்லை.

அந்தப் பாடத்தின் பின்னரே 2005ஆம் ஆண்டில் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் பிறந்தது. 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் அதே கடற்பகுதியில் மீண்டும் நிலம் பெரிதும் அதிர்ந்தபொழுது, எச்சரிக்கை காலத்தில் வந்தது. கரையோர மக்கள் உள்நோக்கி விலகினர். அன்று பேரலை எழவில்லை. ஆயினும் அச்சொல் வீணாயிற்று எனல் பொருந்தாது.

அயல்தேசமொன்றின் அனுபவமும் இங்கு கருதத் தக்கது. 1970ஆம் ஆண்டுச் சூறாவளியில் இலட்சக்கணக்கானோரை இழந்த வங்காளதேசம், 1972ஆம் ஆண்டில் ஊர்தோறும் தொண்டரைத் திரட்டிற்று. கொடியும் ஒலிபெருக்கியும் ஏந்தி வீடு வீடாகச் சென்று எச்சரிப்பதே அவர் கடமை. இன்று அத்தொண்டர் தொகை 70,000க்கும் மேல். அவருட் பெண்கள் ஏறத்தாழச் சரிபாதியினர். பெண்ணொருத்தி படலையைத் தட்டிச் சொல்லும் செய்தி வீட்டின் அடுக்களை வரை செல்லும் என்பதை அந்நாடு உணர்ந்துகொண்டது.

இத்தனை ஏற்பாடுகள் வந்த பின்னரும், 2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில், வெள்ளத்தைக் கடந்த உழவு இயந்திரமொன்று கவிழ்ந்து மதரசா மாணவர் சிலர் உயிர் நீத்தனர். வானிலை எச்சரிக்கைகள் வெளிவந்திருந்த நாட்கள் அவை. கொழும்பிலிருந்து புறப்படும் எச்சரிக்கை எத்துணை விரைவாக வந்தாலும், இந்த வீதியில், இந்த வேளையில், இவ்வளவு தண்ணீர் என்று சொல்ல உள்ளூர் மனிதன் ஒருவனே வேண்டும்.

அவ்வாறு சொல்வோனிடத்து மூன்று குணங்கள் அமைதல் வேண்டும். கேட்டதைக் கிராம உத்தியோகத்தரிடமோ பொலிசாரிடமோ விசாரித்து உறுதி செய்தபின் சொல்லுதல் ஒன்று. வதந்தி வெள்ளத்தினும் விரைந்து பரவும். பிந்தாமற் சொல்லுதல் மற்றொன்று. எவரையும் விடாது சொல்லுதல் மூன்றாவது. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இப்பகுதியிற் பள்ளிவாசல் அறிந்த செய்தி கோவிலுக்கும், கோவில் அறிந்த செய்தி பள்ளிவாசலுக்கும் எட்டுதல் வேண்டும். வெள்ளம் எவரது வேலியையும் கேட்டு நுழைவதில்லை.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1985ஆம் ஆண்டில் டிசம்பர் 5ஆம் நாளைத் தொண்டர் தினமாகப் பிரகடனஞ் செய்தது. கீழ் மாகாணத்தில் அது நடு மாரி. மாலை சூட்டுவோர் சூட்டட்டும்; பொன்னாடை போர்ப்போர் போர்க்கட்டும். ஆனால் தாம்போதியின் தலைப்பில் நனைந்தபடி நிற்கும் அந்த இளைஞன் வேண்டுவது வேறொன்று. “இறங்க வேண்டாம்” என்று அவன் சொல்லும்பொழுது, வண்டியைத் திருப்பிக்கொண்டு போவதே அவனுக்குச் செய்யும் மரியாதை.