பிறர் கையால் துலக்கப்படும் பற்கள்

பல் துலக்குவது, மனிதர் தம் கையால் தமக்கே செய்துகொள்ளும் அன்றாடப் பணிகளுள் மிகச் சிறியது. பக்கவாதத்தாலோ கை நடுக்கத்தாலோ மறதி நோயாலோ அது இயலாமற் போகும்போது அப்பணி வேறொருவருடைய பொறுப்பாகிறது. அந்த வேறொருவர் யார் என்பதோ வளம் மிக்க நாடுகளிலும் நெடுங்காலம் தெளிவாக வரையறுக்கப்படவில்லை. தம்மைத் தாமே பேணிக்கொள்ள இயலாத முதியோர் தங்கி, உணவும் உதவியும் பெறும் இங்கிலாந்தின் பராமரிப்பு இல்லங்களில் இந்தக் குறை வெளிப்படையாகவே தெரிகிறது.

இக்குறை பெரிதாகியதற்கு ஒரு மருத்துவ வெற்றியும் காரணம் என்பதை இங்கே கருத வேண்டும். 1968ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வயதுவந்தோருள் 37 விழுக்காட்டினருக்கு வாயில் ஒரு பல்கூட இல்லை. பற்சிதைவைத் தடுக்கும் ஃபுளூரைடு என்னும் வேதிப்பொருள் கலந்த பற்பசை பரவியதாலும், பல்லைப் பிடுங்குவதைவிட அடைத்துக் காப்பதே மேல் என்று மருத்துவம் மாறியதாலும், 2009இல் இங்கிலாந்தில் அந்த அளவு 6 விழுக்காடாகக் குறைந்தது. முற்காலத்தில் இல்லத்துக்கு வந்த முதியவரிடம் பெரும்பாலும் பல்செட்டு இருந்தது. அதைக் கழற்றிக் கழுவி வைப்பதோடு பணியாளரின் வேலை ஏறத்தாழ முடிந்தது. இன்று வருபவரோ அடைத்த பற்களும் உறையிட்ட பற்களும் தாடையெலும்பில் பதித்த செயற்கைப் பற்களுமாக வருகிறார். அவற்றை நாள்தோறும் துலக்கிவிட, பிறர் வாய்க்குள் பிரஷைச் செலுத்தும் பழக்கமும் பொறுமையும் பயிற்சியும் தேவைப்படுகின்றன.

முதுமையில் வாய் எளிதில் நலிவதற்கு உமிழ்நீர்க் குறைவு முதன்மையான காரணம். உமிழ்நீர், பல்லை அரிக்கும் அமிலத்தைத் தணித்து, உணவுத் துணுக்குகளையும் கழுவிச் செல்கிறது. மனச்சோர்வுக்கும் சிறுநீர்ப்பைக் கோளாறுக்கும் ஒவ்வாமைக்கும் தரப்படும் மருந்துகள் பல அதைக் குறைத்துவிடுகின்றன. முதியவர் ஒருவர் இத்தகைய மருந்துகளில் இரண்டு மூன்றை ஒருசேர உட்கொள்வது வழக்கமே. ஈறு இறங்கி வெளித்தெரியும் வேர்ப்பகுதி, மேற்பகுதியைப் போல வன்மையான எனாமல் பூச்சு இல்லாதது. ஆகவே அங்குதான் சொத்தை விரைந்து பற்றுகிறது. உடல் மெலிவைத் தடுக்கத் தரப்படும் இனிப்பான சத்துபானங்களை அடிக்கடி சிறிது சிறிதாகப் பருகுவதும் அச்சொத்தைக்கு இடம் தருகிறது. மறதி நோய் முற்றியவரால் பல் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல முடிவதில்லை. அவர் உணவை மறுக்கிறார், கன்னத்தைப் பிடித்துக்கொள்கிறார், பிரஷைக் கண்டால் கையைத் தட்டிவிடுகிறார். அதனை நோயின் முரட்டுத்தனம் என்று ஏட்டில் எழுதிவிட்டுப் போவது, ஒரு மனிதருடைய வலியை அவருடைய குணமாகத் திரித்துவிடுவதாகும்.

வாயின் கேடு வாயோடு நிற்பதில்லை. விழுங்கும் ஆற்றல் குன்றியவரின் உமிழ்நீரும் உணவும் வாயிலுள்ள நுண்ணுயிர்களோடு மூச்சுக்குழாய்க்குள் நழுவி நுரையீரலில் அழற்சியை உண்டாக்கும்போது, அது உள்ளிழுப்பு நிமோனியா எனப்படுகிறது. ஜப்பானில் யோனெயாமாவும் உடன் ஆய்வாளர்களும் 11 முதியோர் இல்லங்களில் ஈராண்டுகள் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், பணியாளர்கள் ஒவ்வொரு உணவுக்குப் பின்னும் பல் துலக்கிவிட்ட 184 பேருள் 21 பேருக்கும், அவ்வாறு செய்யப்படாத 182 பேருள் 34 பேருக்கும் நிமோனியா கண்டது. பின்னர் அமெரிக்காவில் நடந்த ஆய்வுகளில் இதே அளவான பயன் எப்போதும் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆயினும் வாய்த் தூய்மையை அழகுப் பணியாகக் கருதித் தள்ளிப்போட முடியாது என்பதை அந்த ஜப்பானிய ஆய்வு உலகுக்கு உணர்த்தியது.

இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் நிறுவனம், பராமரிப்பு இல்லங்களுக்கான வாய்நல வழிகாட்டியை 2016இல் வெளியிட்டது. மூன்றாண்டுகள் கழித்து, இல்லங்களைக் கண்காணிக்கும் பராமரிப்புத் தர ஆணையம் 100 இல்லங்களை ஆராய்ந்தபோது, அவற்றுள் 52 விழுக்காட்டில் வாய்நலத்துக்கென வகுத்த கொள்கை ஏதும் இல்லை. 47 விழுக்காட்டில் பணியாளர்களுக்கு அதற்கான பயிற்சியும் இல்லை. 2023இல் வெளிவந்த மறு ஆய்வில் விழிப்புணர்வு வெகுவாக உயர்ந்திருந்தது. அதே வேளையில், அரசின் தேசிய சுகாதாரச் சேவையின் பல் மருத்துவம் தங்கள் முதியோருக்கு ஒருபோதும் கிடைப்பதில்லை என்று கூறிய இல்லங்கள் 6 விழுக்காட்டிலிருந்து 25 விழுக்காடாகப் பெருகியிருந்தன. பணியாளர் கற்றுக்கொண்டு, சொத்தையைக் கண்டறிந்து, தொலைபேசியை எடுத்தபோது மறுமுனையில் வருவதற்கு ஆளில்லை.

இந்நிலைக்குப் பல் மருத்துவர்களின் மனத்தைக் குறைகூறுவதைவிட, ஊதியம் கணக்கிடப்படும் முறையைப் பார்ப்பதே பொருத்தம். தேசிய சுகாதாரச் சேவைக்கும் பல் மருத்துவர்களுக்கும் இடையே 2006இல் நடப்புக்கு வந்த ஒப்பந்தப்படி சிகிச்சைகள் சில படிநிலைகளாகப் பிரிக்கப்பட்டு, படிநிலைக்கு இவ்வளவு அலகு என்று கணக்கிடப்படுகிறது. அதில் சிகிச்சைக்குச் செலவாகும் நேரம் கணக்கில் வருவதில்லை. நடுங்கும் முதியவரை அமைதிப்படுத்தி வாய் திறக்கச் செய்யும் அரைமணி நேரத்துக்கு அங்கே மதிப்பு இல்லை. கையோடு எடுத்துச் செல்லும் கருவிகளுடன் இல்லத்துக்கே வந்து பார்க்கும் சேவையோ, வட்டாரந்தோறும் தனியே ஏற்பாடு செய்யப்பட வேண்டியது. அந்த ஏற்பாடு இல்லாத வட்டாரத்தில், சக்கர நாற்காலியிலிருந்து எழ முடியாதவர் மாடியில் இருக்கும் மருத்துவமனைக்கு எப்படிச் செல்வார் என்ற கேள்விக்கு விடையும் இல்லை.

மருத்துவர் வரும்வரை காத்திராமல் இல்லத்துக்குள்ளேயே செய்யத்தக்கவை பல உள்ளன. முதியவர் வந்து சேரும்போதே வாயைப் பார்த்துப் பதிவு செய்வதும், நாளுக்கு இருமுறையேனும் ஃபுளூரைடு பற்பசையால் துலக்கிவிடுவதும் நைஸ் வழிகாட்டியில் உள்ளவையே. பலருடைய பல்செட்டுகள் ஒரே இடத்தில் கழுவப்படும் இல்லத்தில், ஒவ்வொன்றிலும் உரியவரின் பெயர் குறிக்கப்பட வேண்டும். பல்செட்டு மாறிப் போனால் மென்று உண்ணும் திறனும் பேச்சும் ஒரே நாளில் பறிபோகின்றன. மறதி நோயாளரிடம், அவர் கையிலேயே பிரஷைக் கொடுத்து, அக்கையின்மேல் பணியாளர் தம் கையை வைத்து மெல்ல வழிநடத்தும் முறை பலருக்குப் பயன்படுகிறது. அவர் மறுத்தால் வற்புறுத்தாமல் விட்டு, வேறொரு வேளையில், அவருக்குப் பழக்கமான முகம் ஒன்று மறுபடி முயல வேண்டும். அதற்குப் பணியாளர் அடிக்கடி மாறாத இல்லமும், காலை நேரத்தில் போதிய ஆட்களும் வேண்டும்.