எலிக்காய்ச்சலும் நமது கோரிக்கையும்

(மேல்பட்டாம்பாக்கத்தில் விவசாயத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)

தோழர்களே! தாய்மார்களே! ஆராய்ச்சிக்காக நம் ஊர் வந்திருக்கும் மாணவத் தம்பி தங்கைகளே!

இந்தப் பிள்ளைகள் வரப்பில் எலி வளையை எண்ணுகிறார்கள். ஆந்தை அடையும் மரத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். "இவர்களுக்கு வேறு வேலையில்லையா?" என்று சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்காதீர்கள்! இது நம் உயிர்க் கணக்கு.

எலியின் சிறுநீரகத்தில் ஒரு கிருமி குடியிருக்கிறது. சிறுநீரோடு வெளியேறி, சேற்றிலும் தேங்கிய நீரிலும் கலக்கிறது. வெறுங்காலோடு நடவு நடும் தாயின் கால் புண் வழியாக, சோகை கீறிய கையோடு கரும்பு வெட்டுகிறவரின் காயம் வழியாக உள்ளே நுழைகிறது. காய்ச்சல், கெண்டைக்கால் வலி, சிவந்த கண் இவை அடையாளம். முற்றினால் காமாலை; சிறுநீரகம் கெடும்; உயிரும் போகும். ஆரம்பத்திலேயே சிகிச்சை செய்தால் விலை குறைந்த மருந்தே குணப்படுத்தும்.

2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். அப்படி நீர் தேங்கும் காலமே இந்நோய்க்கு வசதியான காலம்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கரும்புத் தோட்டங்களில் இதே காய்ச்சல் தொழிலாளரைக் கொன்றது. எலி ஓடிப்போகும்படி, கரும்பைக் கொளுத்திவிட்டு வெட்டவேண்டும் என்று அவர்கள் கோரினார்கள். 1935ல் வெட்டுகிறவர்களும் ஆலைத் தொழிலாளரும் சேர்ந்து வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தப் போராட்டம் தோற்றது, கோரிக்கை தோற்கவில்லை. கொளுத்தி வெட்டும் முறை பின்னர் பரவியது.

நாமும் கொளுத்தவேண்டுமா? வேண்டாம். புகை நம் நெஞ்சைத்தான் அடைக்கும். பகலில் சாரைப்பாம்பும் இரவில் ஆந்தையும் கூலி கேட்காமல் எலி பிடிக்கின்றன. அவற்றை அடித்துக் கொன்றால் எலிக்குத்தான் கொண்டாட்டம்!

மாணவர்களே! உங்கள் முடிவுகள் கல்லூரி அலமாரியில் தூங்கக்கூடாது. இதே தெருவுக்குத் திரும்பி வந்து, தமிழில் எங்களுக்குச் சொல்லுங்கள்.

தோழர்களே! நாம் கேட்பது இதுதான்: சேற்றில் இறங்குகிறவருக்குக் காலுறையும் கையுறையும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனையும் மருந்தும், காய்ச்சலில் படுத்த நாட்களுக்குக் கூலி. மாணவர் கணக்கு நமக்குச் சாட்சி. சங்கம் நமக்குப் பலம். இரண்டையும் சேர்ப்போம், வெல்வோம்!