ஆய்வு மாணவரின் உழைப்புக்கு ஊதியம் எங்கே?

(உயர்கல்விப் பிரச்சனைகள் குறித்துக் கட்சி உறுப்பினர்களுக்கான வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் துறையில், ஒரே ஆய்வகத்தில், மூன்று முனைவர் பட்ட மாணவர்கள் அருகருகே பணியாற்றுவதாகக் கொள்வோம். முதலாமவர் பிரதமர் ஆய்வு உதவித்தொகை பெறுபவர். அவருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 70 ஆயிரம் ரூபாய், மூன்றாம் ஆண்டில் 75 ஆயிரம், கடைசி இரண்டு ஆண்டுகளில் 80 ஆயிரம். அத்துடன் ஆய்வுச் செலவுக்கென ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய். இரண்டாமவர் தேசியத் தகுதித் தேர்வான நெட் வழியாக இளநிலை ஆய்வு உதவித்தொகை (ஜேஆர்எஃப்) பெற்றவர். அவருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37 ஆயிரம், பின்னர் 42 ஆயிரம்; வீட்டு வாடகைப் படி தனி. மூன்றாமவர் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வு எழுதிச் சேர்ந்தவர். "நெட் அல்லாத உதவித்தொகை" என்ற பெயரில் அவருக்குக் கிடைப்பது மாதம் 8 ஆயிரம் ரூபாய்.

மூவரும் பெறப்போவது ஒரே பட்டம். மூவரும் அதே கருவிகளைக் கையாள்கிறார்கள். அதே நெறியாளரின் கட்டுரைகளுக்குத் தரவு திரட்டுகிறார்கள். இளங்கலை மாணவர்களின் செய்முறை வகுப்புகளையும் பல இடங்களில் அவர்களே நடத்துகிறார்கள். 8 ஆயிரம் என்பது 2012ஆம் ஆண்டுவாக்கில் நிர்ணயிக்கப்பட்ட தொகை. அன்று 16 ஆயிரமாக இருந்த ஜேஆர்எஃப் 2014இல் 25 ஆயிரமாகவும், 2019இல் 31 ஆயிரமாகவும், 2023 முதல் 37 ஆயிரமாகவும் உயர்ந்தது. இந்த 8 ஆயிரம் மட்டும் நகரவில்லை. டெல்லி அரசு 2024 அக்டோபரில் அறிவித்தபடி திறன்சாராத் தொழிலாளியின் குறைந்தபட்ச மாத ஊதியம் 18,066 ரூபாய். முதுகலைப் பட்டம் பெற்று ஆய்வுக்கு வந்தவருக்கு அதில் பாதியும் இல்லை.

நான்காவது மாணவர் ஒருவரும் உண்டு. அவர் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருப்பவர். நெட் அல்லாத உதவித்தொகை மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு மட்டுமே உரியது என்பதால், மாநில அரசோ பல்கலைக்கழகமோ ஏதேனும் வழங்கினாலன்றி அவருக்கு ஒன்றுமில்லை. பகலில் தனியார் கல்லூரியில் பாடம் நடத்தி, இரவில் ஆய்வேடு எழுதுபவர்கள் இவர்கள். இவர்களைப் பற்றிய விவாதம் நாடாளுமன்றத்தில் அரிதாகவே எழுகிறது.

இந்த ஏற்றத்தாழ்வைத் தகுதியின் பெயரால் நியாயப்படுத்துவோர் உண்டு. அந்தத் தகுதி எவ்வாறு அளக்கப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். 2024 ஜூன் 18 அன்று தேசியத் தேர்வு முகமை நடத்திய நெட் தேர்வை 9 லட்சத்து 8 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். மறுநாளே ஒன்றியக் கல்வி அமைச்சகம் அத்தேர்வை ரத்து செய்தது. ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் மறுதேர்வு நடந்தபோது எழுத வந்தவர்கள் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் மட்டுமே. இடையில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் காணாமல் போனார்கள். வேறு ஊருக்குப் பயணம், தங்கும் செலவு, வேலையில் விடுப்பு ஆகியவற்றை இரண்டாம் முறையும் ஏற்க முடியாதவர்கள் அவர்களில் எத்தனை பேர் என்று எவரும் கணக்கெடுக்கவில்லை. இறுதியில் ஜேஆர்எஃப் பெற்றவர்கள் 4,970 பேர். தேர்வு எழுதியவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

இந்த ஒற்றை வாசல் வழியாகவே இப்போது ஏறத்தாழ எல்லாம் நடக்கின்றன. 2024 மார்ச் மாதம் முதல் முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் நெட் மதிப்பெண்ணைப் பயன்படுத்த வழி செய்யப்பட்டது. ஜேஆர்எஃப் கிடைக்காதவர்களுக்கு நெட் மதிப்பெண் 70 விழுக்காடு, நேர்காணல் 30 விழுக்காடு என்பது விதி. பட்டியல் சாதியினருக்கான தேசிய உதவித்தொகைக்கும் (ஆண்டுக்கு 2,000 இடங்கள்) இதர பிற்படுத்தப்பட்டோருக்கானதற்கும் (1,000 இடங்கள்) நெட் முடிவே அடிப்படை. நாட்டு மக்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களாகக் கருதப்படும் பிற்படுத்தப்பட்டோருக்கு ஆயிரம் இடங்கள் என்பது எந்தக் கணக்கு என்று ஆட்சியாளர்கள்தான் விளக்க வேண்டும். நேர்காணலின் கதையோ இன்னும் பழையது. எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்ற தலித், பழங்குடி, சிறுபான்மை மாணவர்கள் நேர்காணலில் சரிவதை ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் குழுவே ஆராய்ந்து, நேர்காணல் மதிப்பெண்ணை 30இலிருந்து 15ஆகக் குறைக்கப் பரிந்துரைத்தது. பரிந்துரை ஏட்டில் நின்றது. பின்தங்கிய மாவட்டங்களிலிருந்து வருவோருக்கு அங்கே வழங்கப்பட்ட கூடுதல் புள்ளிகளும் 2017இல் ஆய்வுப் படிப்புகளுக்கு நீக்கப்பட்டன. அதே ஆண்டில் ஆய்வு இடங்களும் பெருமளவு வெட்டப்பட்டன.

வெட்டுவதற்கான காரணம் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. 2015 அக்டோபரில் பல்கலைக்கழக மானியக் குழு நெட் அல்லாத உதவித்தொகையை அடியோடு நிறுத்த முடிவெடுத்தது. மாணவர்கள் டெல்லியில் அக்குழுவின் அலுவலகத்தை முற்றுகையிட்டு, குளிரிலும் தடியடியிலும் வாரக்கணக்கில் நின்றதால்தான் அத்திட்டம் உயிர் பிழைத்தது. சச்சார் குழு அறிக்கையைத் தொடர்ந்து சிறுபான்மை மாணவர்களுக்கென 2009இல் தொடங்கப்பட்ட மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை 2022-23 முதல் நிறுத்தப்பட்டது. பிற திட்டங்களோடு ஒன்றன்மேல் ஒன்றாக வருகிறது என்பது நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்ட காரணம். ஒருவர் ஒரே நேரத்தில் இரு உதவித்தொகை பெறாமல் தடுக்க ஓர் உறுதிமொழிப் படிவம் போதும். அதற்காகத் திட்டத்தையே மூடத் தேவையில்லை. அயல்நாட்டுப் படிப்புக்கான பட்டியல் சாதியினர் உதவித்தொகையிலோ, இந்தியாவின் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய தலைப்புகளுக்கு 2022இல் தடை விதிக்கப்பட்டது. சாதியால் ஒடுக்கப்பட்டவர் சாதியைப் பற்றி வெளிநாட்டில் ஆய்வு செய்யக்கூடாது என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் கொள்வது கடினம்.

கிடைக்கும் தொகையும் மாதாமாதம் வருவதில்லை. ஆய்வு மாணவர் பணியில் இருப்பதைத் துறை உறுதி செய்ய வேண்டும்; பல்கலைக்கழகம் அதை வங்கியின் இணையதளத்தில் குறித்த நாளுக்குள் பதிவேற்ற வேண்டும். ஓர் எழுத்தர் விடுப்பில் போனாலோ, ஒரு நெறியாளர் கையெழுத்திட மனமில்லாமல் இருந்தாலோ அந்த மாதம் பணம் இல்லை. இதில் இரண்டாவது காரணம் பலரும் அறிந்தது, வெளியே பேசப்படாதது. உதவித்தொகை நெறியாளரின் கையெழுத்தில் தொங்கும்வரை, வீட்டு வேலை முதல் பாலியல் தொல்லை வரை எதையும் எதிர்த்துப் பேசும் துணிவு மாணவருக்கு எளிதில் வராது. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் 2016 ஜனவரி 17 அன்று உயிர் துறந்த ரோஹித் வெமுலா, தமக்கு வரவேண்டிய ஏழு மாத உதவித்தொகையான 1 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய் குடும்பத்துக்குக் கிடைக்கச் செய்யுமாறும், ஒரு நண்பருக்குத் தாம் தரவேண்டிய 40 ஆயிரம் ரூபாயை அதிலிருந்து கொடுக்குமாறும் தம் கடைசிக் கடிதத்தில் கேட்டிருந்தார். அக்கடிதத்தின் பிற வரிகள் நாடெங்கும் பேசப்பட்டன. இந்தக் கணக்கு அதே அளவுக்குப் பேசப்படவில்லை.

பணமில்லை என்ற வாதத்துக்கு வருவோம். நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் செலவாகும் பங்கு 0.64 விழுக்காடு. சீனாவில் அது 2.4 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. 2023இல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கான சட்டம் வந்தபோது ஐந்தாண்டுகளுக்கு 50 ஆயிரம் கோடி ரூபாய் என்று முழங்கப்பட்டது. அதில் 36 ஆயிரம் கோடி தனியாரிடமிருந்து வரும் என்பது எதிர்பார்ப்பு. அரசின் பொறுப்பு 14 ஆயிரம் கோடி. ஆனால் 2025 ஜூலையில் ஒன்றிய அமைச்சரவை 1 லட்சம் கோடி ரூபாய் நிதிக்கு ஒப்புதல் அளித்தது. தனியார் நிறுவனங்களின் ஆராய்ச்சிக்குக் குறைந்த வட்டியிலோ வட்டியின்றியோ நீண்டகாலக் கடன் தருவதற்கான நிதி அது. மத்தியக் கல்வி நிறுவனங்கள் கட்டடமும் ஆய்வகமும் அமைக்க மானியத்துக்குப் பதிலாக 2017இல் தொடங்கப்பட்ட உயர்கல்வி நிதி முகமையிடம் கடன் வாங்குகின்றன. மாணவருக்கு 2024 நவம்பரில் வித்யாலட்சுமி என்ற கல்விக் கடன் திட்டம். ஆக, பணம் இருக்கிறது. அது பாயும் திசைதான் மாறியிருக்கிறது. நவீன தாராளமயம் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

பட்டம் பெற்ற பின் என்ன? அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி முனைவர் பட்ட மாணவர் எண்ணிக்கை 2014-15இல் 1.17 லட்சமாக இருந்தது, 2021-22இல் 2.12 லட்சமானது. அரசு இதைச் சாதனையாகச் சொல்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களின் ஆசிரியர் பணியிடங்களிலோ சுமார் கால் பங்கு ஆண்டுக்கணக்கில் காலி. இடஒதுக்கீட்டுப் பணியிடங்களில் நேர்காணல் நடத்தி, "தகுதியானவர் எவருமில்லை" என்று எழுதி மூடுவது வழக்கமாகிவிட்டது. முனைவர் பட்டமும் நெட்டும் உள்ளவர் தகுதியற்றவர் என்றால், அந்தத் தகுதியை வழங்கியது யார்? காலியிடங்களை நிரப்புவது ஒப்பந்தமும் கௌரவ விரிவுரையும். மானியக் குழு 2019இல் நிர்ணயித்தது ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50 ஆயிரத்துக்கு மிகாமல். பல மாநிலங்கள் அதையும் தருவதில்லை. ஒப்பந்த நியமனம் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று 2018 ஒழுங்குமுறை விதித்த வரம்பு, 2025 ஜனவரி வரைவில் காணாமல் போனது. துணைவேந்தர் நியமனம் பற்றிய பகுதிதான் அன்று பெரிதாகப் பேசப்பட்டது. அது சரியே. ஆயினும் ஆய்வு மாணவரின் எதிர்காலத்தைத் தொடுவது இந்தப் பத்து விழுக்காடு.

கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு முதலமைச்சரின் நவகேரள முதுமுனைவர் உதவித்தொகையை மாதம் 50 ஆயிரம் முதல் 1 லட்சம் ரூபாய் வரை என்று தொடங்கியது. எண்ணிக்கையில் சிறிய திட்டம்தான். நிதிப் பகிர்வில் வஞ்சிக்கப்படும் மாநிலமும் இதைச் செய்ய முடிந்தது என்பதே குறிக்கத்தக்கது.

ஜெர்மனியில் பல்கலைக்கழகப் பணியிடத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவர் பொதுத்துறை ஊதிய ஒப்பந்தத்தின் கீழ் வரும் ஊழியர். சமூகக் காப்பீடும் உண்டு. அமெரிக்காவில் 2022 நவம்பரில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர்களும் துணை ஆசிரியர்களும் உட்பட சுமார் 48 ஆயிரம் பேர் வேலைநிறுத்தம் செய்து ஊதிய உயர்வு பெற்றனர். அவர்களைத் திரட்டியது வாகனத் தொழிலாளர் சங்கம். மோட்டார் ஆலைத் தொழிலாளியும் வேதியியல் ஆய்வாளரும் ஒரே சங்கத்தில் இருப்பது அங்கே வியப்புக்குரியதாக இல்லை. இங்கே 2023இல் அறிவியல் ஆய்வாளர்கள் போராடிப் பெற்ற உயர்வு ஜேஆர்எஃப் பெறுபவர்களோடு நின்றது. 8 ஆயிரத்தையும், ஒன்றுமே இல்லாத மாநிலப் பல்கலைக்கழக மாணவரையும் அதே கோரிக்கைப் பட்டியலின் முதல் வரியில் வைக்காதது இயக்கத்தின் பலவீனம். உதவித்தொகையைப் பரிசாகக் கருதினால் சிலருக்கு மட்டும் கிடைப்பது இயல்பாகத் தோன்றும். ஊதியம் என்று கொண்டால் எல்லாருக்கும் கேட்டாக வேண்டும்.

கோரிக்கை வெல்லும்வரை காத்திராமல் கிளைகள் செய்யக்கூடியவையும் உள்ளன. ஜேஆர்எஃப் பெற வயது வரம்பு 30. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், திருநர் ஆகியோருக்கு ஐந்தாண்டுத் தளர்வு உண்டு. வயது கடந்துவிட்டதாக நினைத்து விண்ணப்பிக்காமலே இருக்கும் பெண்கள் பலர். முனைவர் பட்ட ஆய்வின்போது பெண்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும், ஆய்வேட்டை முடிக்க இரண்டாண்டு கூடுதல் காலமும் 2022 ஒழுங்குமுறையிலேயே உள்ளன. துறைத் தலைவர் சொல்லாவிட்டாலும் விதி விதிதான். பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழில் நடக்கும் பிழை இன்னும் பரவலானது. 8 லட்சம் ரூபாய் வருமான வரம்பைக் கணக்கிடும்போது பெற்றோரின் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்க்கக்கூடாது என்பது 1993 முதல் உள்ள ஒன்றிய அரசின் ஆணை. வட்டாட்சியர் அலுவலகங்களில் இரண்டையும் கூட்டி விண்ணப்பத்தை நிராகரிக்கிறார்கள். ரயில்வேயிலோ ஆலையிலோ வேலை பார்க்கும் தொழிலாளியின் மகளுக்குச் சான்றிதழ் கிடைக்காமல் போகிறது. நெட் தேர்வு அறிவிப்பு ஜூன், டிசம்பர் என ஆண்டுக்கு இருமுறை வருகிறது. தொழிற்சங்க அலுவலகத்தில் அந்த 1993 ஆணையின் நகல் ஒன்று இருந்தால், விண்ணப்ப நாள் முடியுமுன் அந்த அலுவலகத்துக்கு ஒரு தோழர் உடன் சென்று வர முடியும்.