இன்ஸ்டாவில் கடை போட்டாச்சு, அப்புறம்?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

"சின்னதா ஆன்லைன் கடை ஆரம்பிக்கப் போறோம், சட்டப்படி என்னென்ன வேணும்?"னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. லிஸ்ட் சொல்றதுக்கு முன்னாடி ஒரு ஃபோன் கால் பத்திச் சொல்லிடறேன். எனக்கு இதெல்லாம் உறைச்சது அந்தக் கால்லதான்.

என் தங்கச்சி, சித்தி பொண்ணு, சென்னையில வீட்டுலயே சோப் செஞ்சு இன்ஸ்டாவுல விற்கிறா. ஆர்டர் கணக்கு பார்க்கிறது நான். பேர், அட்ரஸ், ஃபோன் நம்பர், எந்த சோப், எத்தனை, எல்லாமே ஒரே ஷீட்ல இருக்கும். தீபாவளி சமயத்துல பேக்கிங் பண்ண ரெண்டு பசங்க வந்தாங்க. அவங்க மெயில் ஐடி கேட்டு ஒவ்வொண்ணா சேர்க்க எனக்குச் சோம்பல். "லிங்க் இருக்கிற யார் வேணா பார்க்கலாம்"னு மாத்தி வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டேன். சீசன் முடிஞ்சது. லிங்க்கை மூட மறந்துட்டேன்.

ஜனவரியில கோயம்புத்தூர்ல இருந்து ஒரு அம்மா கூப்பிட்டாங்க. "தம்பி, உங்க கடையில இருந்து பேசறோம், பார்சல் நின்னுடுச்சு, அஞ்சு ரூபா கட்டினா அனுப்பிடுவோம்னு ஒருத்தன் சொன்னான். நான் வாங்கின சோப் பேரையே கரெக்டா சொன்னான். அதான் நம்பிட்டேன்." அவன் அனுப்பின லிங்க்ல கார்டு விவரம் போட்டு, ஓ.டி.பி.யும் கொடுத்திருக்காங்க. 18,000 ரூபாய் போயிடுச்சு.

அந்த ஷீட்ல இருந்துதான் விவரம் போச்சுன்னு என்னால நிரூபிக்க முடியாது. ஆனா அது ரெண்டு மாசமா திறந்தே கிடந்தது. அந்த அம்மா திட்டக்கூட இல்லை. "உங்களை நம்பித்தானேப்பா அட்ரஸ் கொடுத்தேன்?"னு மட்டும் கேட்டாங்க.

அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து கடையோட எல்லா விஷயத்தையும் எடுத்துப் பார்த்தோம். ஷீட் மட்டும் இல்லை, பல இடத்துல ஓட்டை. எல்லாத்துக்கும் ஒரே காரணம்தான்: "நம்மளது சின்ன கடைதானே".

முதல்ல, நீங்க யாரு?

நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள்னு 2020-ல வந்தது. பெரிய கம்பெனிகளுக்கு மட்டும்னு நினைச்சிடாதீங்க. பழைய சைக்கிளை ஒரு தடவை விற்கிறவருக்கு இது பொருந்தாது. ஆனா தொடர்ந்து வியாபாரமா பண்ணினா, அது இன்ஸ்டா பேஜா இருந்தாலும் பொருந்தும்.

கடையோட சட்டப்படியான பேர், அட்ரஸ், தொடர்பு எண், புகார் வந்தா பதில் சொல்றவர் பேர், இதெல்லாம் வாங்குறவங்க கண்ணுல படற மாதிரி இருக்கணும். புகார் வந்தா 48 மணி நேரத்துக்குள்ள "கிடைச்சது"ன்னு சொல்லணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்க்கணும். பொருள் பழுதா இருந்தாலோ, சொன்னதுக்கு மாறா இருந்தாலோ திருப்பி வாங்க மாட்டேன்னு சொல்ல முடியாது. "நோ ரிட்டர்ன், நோ ரீஃபண்ட்"னு பயோவுல எழுதி வெச்சா அது சட்டத்துக்கு மேல போயிடாது. அதே மாதிரி "விலைக்கு டி.எம் பண்ணுங்க" பழக்கத்தையும் விட்டுடுங்க. மொத்த விலை வெளிப்படையா தெரியணும்.

இதைக் கேட்டதும் தங்கச்சி ஒரு கேள்வி கேட்டா. "வீட்டு அட்ரஸை ஊருக்கே காட்டணுமா? ராத்திரி ரெண்டு மணிக்கு டி.எம்-ல தொல்லை பண்றவனும் அதைப் பார்ப்பானே?" நியாயமான பயம். வீட்டுல இருந்து தொழில் பண்ற பொண்ணுங்க பல பேருக்கு இந்தப் பயம் இருக்கு. அதுக்காகப் பொய் அட்ரஸ் போடக்கூடாது. நாங்க மாமாவோட ஆபீஸ்ல ஒரு ஓரத்தை வாடகை ஒப்பந்தம், சம்மதக் கடிதத்தோட எடுத்துக்கிட்டோம். ஷேர்டு ஆபீஸ் இடங்களும் கிடைக்குது. அங்க அனுப்புற கடிதம் நிஜமாவே உங்க கைக்கு வரணும், அதுதான் முக்கியம்.

இன்னொண்ணு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கினவர் தான் குடியிருக்கிற ஊர்லயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை வாங்கின பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. நீங்க குவாஹாட்டிக்கு ஒரு சோப் அனுப்பினா, குவாஹாட்டியில பதில் சொல்ல வேண்டி வரலாம்.

பொருளுக்கு ஏத்த லைசென்ஸ்

எங்களுக்குப் பெரிய அடி இங்கதான். கையால செய்யற குளியல் சோப்பும் சட்டப்படி காஸ்மெட்டிக்தான். விற்பனைக்குத் தயாரிக்கணும்னா மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையோட லைசென்ஸ் வேணும். அதுக்கான இட வசதி, தகுதியான ஆள் எல்லாம் வீட்டு கிச்சன்ல அமையறது கஷ்டம். ரெண்டு மாசம் கடையை நிறுத்திட்டோம். இப்போ லைசென்ஸ் இருக்கிற ஒரு யூனிட்ல, லோன் லைசென்ஸ் முறையில அவளோட ஃபார்முலாவைச் செய்ய வைக்கிறோம். லாபம் குறைஞ்சது நிஜம்.

இட்லிப் பொடி, ஊறுகாய், கேக் விற்கிறவங்களுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு வேணும். அந்த 14 இலக்க எண் லேபிள்ல இருக்கணும்.

பாக்கெட் போட்டு விற்கிற எல்லாருக்கும் பொதுவானது 2011 பொட்டலப் பொருட்கள் விதிகள். தயாரிப்பாளர் பேர், அட்ரஸ், பொருளோட பேர், நிகர எடை, எல்லா வரியும் சேர்த்த எம்.ஆர்.பி., மாசம், வருஷம், புகார் எண் எல்லாம் பாக்கெட்ல இருக்கணும். பல பேருக்குத் தெரியாத விஷயம்: இதுல மாசம், வருஷம் தவிர மத்ததெல்லாம் ஆன்லைன் லிஸ்டிங்லயும் காட்டணும்.

ஜி.எஸ்.டி.

"40 லட்சம் வரைக்கும் தேவையில்லை ப்ரோ"ன்னு ஒரு ஃப்ரெண்ட் சொல்லியிருப்பான். பாதிதான் உண்மை. தமிழ்நாட்டுக்குள்ள மட்டும் பொருள் விற்றா பொதுவா அந்த வரம்பு பொருந்தும். வரி உள்ள பொருளைப் பெங்களூருக்கு விற்றா, அது வெளிமாநில விற்பனை. முதல் ஆர்டர்ல இருந்தே பதிவு வேணும். பட்டியல்ல இருக்கிற சில கைவினைப் பொருட்களுக்கு விலக்கு உண்டு. உங்க பொருள் அதுல வருதான்னு ஒரு ஆடிட்டரைக் கேட்டுடுங்க.

பூட்டு போடற வேலை

இப்போ செக்யூரிட்டி. முதல் விதி: தேவையில்லாததை வாங்கி வெச்சுக்காதீங்க. சோப் விற்க எதுக்குப் பிறந்த தேதி? கார்டு நம்பரை நீங்க தொடவே கூடாது. 2022 அக்டோபர் 1-ல இருந்து கடைக்காரங்க கார்டு விவரத்தைச் சேமிக்க ரிசர்வ் வங்கி தடை போட்டிருக்கு. அந்த வேலையை பேமெண்ட் கேட்வேகிட்ட விட்டுடுங்க. வாட்ஸ்அப்ல கார்டு ஃபோட்டோ யாராவது அனுப்பினா உடனே அழிச்சிட்டு, அனுப்ப வேண்டாம்னு சொல்லுங்க.

யு.பி.ஐ. ஸ்க்ரீன்ஷாட்டை ரசீதா எடுத்துக்காதீங்க. போலி ஸ்க்ரீன்ஷாட் செய்ய நிமிஷம் போதும். உங்க அக்கவுண்ட்ல பணம் ஏறினதைப் பார்த்துட்டு பார்சல் கட்டுங்க. பணம் வாங்க பின் நம்பர் போடத் தேவையே இல்லை. யாராவது போடச் சொன்னா, உங்ககிட்ட இருந்து எடுக்கப் பார்க்கிறாங்கன்னு அர்த்தம்.

இன்ஸ்டா, அதோட இணைஞ்ச மெயில், பேமெண்ட் அக்கவுண்ட் மூணுக்கும் வேற வேற பாஸ்வேர்டு, ரெண்டடுக்கு சரிபார்ப்பு. உதவிக்கு வர்றவங்களுக்குத் தனித்தனி அனுமதி கொடுங்க, வேலை முடிஞ்ச அன்னிக்கே எடுத்துடுங்க. சொந்த வெப்சைட்னா பிளக்-இன் அப்டேட்டைத் தள்ளிப் போடாதீங்க. அட்ரஸ் பார்ல வர்ற பூட்டுப் படம் தகவல் போற வழிக்கு மட்டும்தான் பாதுகாப்பு. வந்து சேர்ந்த ஷீட்டை நீங்கதான் பூட்டணும்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல வந்தது. அதோட விதிகள் 2025 நவம்பர்ல அறிவிச்சு, படிப்படியா அமலுக்கு வருது. தரவு கசிஞ்சா பாதிக்கப்பட்டவங்ககிட்ட சொல்லணும்ங்கிறது அதுல ஒரு கடமை. பாதுகாப்பு ஏற்பாடு செய்யாததுக்கு அபராத உச்சவரம்பு 250 கோடி ரூபாய். நம்ம மாதிரி கடைக்கு அவ்வளவு போடுவாங்களான்னு கேட்காதீங்க, சொல்றது கடமைங்கிறதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஏன்னா எங்க வீட்டுல பெரிய சண்டை அதுக்குத்தான். எல்லா கஸ்டமருக்கும் நடந்ததைச் சொல்லிடலாம்னு நான் சொன்னேன். "சொன்னா கடை முடிஞ்சதுண்ணா"ன்னு தங்கச்சி அழுதா. கடைசியில மெசேஜை அவளேதான் எழுதினா. நாலு வரி: உங்க விவரம் வெளியே போயிருக்கலாம், எங்க பேர்ல யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீங்க, பணம் போயிருந்தா உடனே 1930-க்குக் கூப்பிடுங்க, மன்னிச்சிடுங்க.

மூணு பேர் உடனே பதில் போட்டாங்க. அவங்களுக்கும் அதே கால் வந்திருக்கு. அதுல ஒருத்தர் அந்த லிங்க்கைத் திறந்து வெச்சிருந்தார், இன்னும் கார்டு நம்பர் போடலை. சில பேர் எங்களை அன்ஃபாலோ பண்ணிட்டாங்க. அது அவங்க உரிமை.

அந்தக் கோயம்புத்தூர் அம்மாவுக்கு 1930 மூலமா கொஞ்சம் பணம்தான் திரும்பி வந்தது, கூப்பிட லேட் ஆயிடுச்சு. மீதியை நாங்க மாசா மாசம் கொடுத்து முடிச்சோம். அவங்க மறுபடி ஆர்டர் போடலை. நாங்களும் கேட்கலை.

இந்த எபிசோடைக் கேட்டு முடிச்சதும் ஒரு வேலை பண்ணுங்க. உங்க ஆர்டர் ஷீட்டைத் திறந்து, ஷேர் பட்டனை அழுத்தி, யார் யார் பேர் இருக்குன்னு பாருங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.