ஆராய்ச்சி மாணவனுக்குப் படியளப்பவர் யார்?



சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் காலை, என்னிடம் பயின்ற மாணவன் ஒருவனின் தந்தையார் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். மகனுக்கு அமெரிக்கப் பல்கலைக் கழகம் ஒன்றில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. படிப்புக் கட்டணம் இல்லை, மாதந்தோறும் படியும் உண்டு என்று கடிதம் கூறிற்று. அவர் முகத்திலே மகிழ்ச்சியைவிட ஐயமே மிகுந்திருந்தது. "படிக்கப் போகிறவனுக்கு வாத்தியாரே பணம் கொடுப்பாராமே, ஐயா! பின்னால் கடன் என்று கேட்பார்களோ?" என்றார்.

நியாயமான கேள்விதான். அன்று நான் சொன்ன விடை அரைகுறையானது. பின்னர் கேட்டும் படித்தும் அறிந்ததை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து ஆராய்ச்சியாளரைக் காத்தவர்கள் உண்டு. கணித மேதை இராமானுஜன் வேலையின்றித் தவித்த நாளில், நெல்லூர்க் கலெக்டராயிருந்த இராமச்சந்திர ராவ் அவ்வாறு உதவினார். ஆயினும் அவர் பேராசிரியர் அல்லர். கேம்பிரிட்ஜுக்கு அழைத்த பேராசிரியர் ஹார்டியோ தம் பையிலிருந்து பணம் தரவில்லை. 1914இல் ஆண்டுக்கு 250 பவுன் உபகாரச் சம்பளம் வழங்கியது நம் சென்னைப் பல்கலைக் கழகம். அதில் 50 பவுன் இங்கிருந்த குடும்பத்துக்கு ஒதுக்கப்பெற்றது. அந்தத் தொகை இராமானுஜன் பெயரிலேயே வழங்கப்பெற்றது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவிலும் தொடக்கத்தில் இம்முறையே இருந்தது. 1876இல் திறக்கப்பெற்ற ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகம், தேர்ந்தெடுத்த இளைஞர்களுக்கு ஆண்டுக்கு 500 டாலர் கொடுத்து ஆராய்ச்சி செய்யச் சொன்னது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே பெரிய மாறுதல் நேர்ந்தது. 1950இல் தேசிய விஞ்ஞான நிறுவனம் அங்கே தோன்றியது. மருத்துவ ஆராய்ச்சிக்குத் தேசிய சுகாதார நிறுவனங்களும் பெரும்பொருள் வழங்கலாயின. பேராசிரியர் ஒரு வினாவை எடுத்துக்கொண்டு, அதை ஆராயும் வழியையும் ஆகும் செலவையும் எழுதி விண்ணப்பிக்கிறார். அதே துறை அறிஞர்கள் அதனைப் படித்துக் கருத்துச் சொல்கிறார்கள். தேறினால் பெரும்பாலும் 3 முதல் 5 ஆண்டுகளுக்கு மானியம் கிடைக்கும். அந்தச் செலவுக் கணக்கிலே கருவி, இரசாயனப் பொருள் இவற்றோடு ஆராய்ச்சி உதவியாளனின் மாதப்படியும் கட்டணமும் ஒரு வரியாக நிற்கின்றன. கட்டடம், மின்சாரம், அலுவலகம் ஆகியவற்றின் பெயரால் பல்கலைக் கழகமும் தனியாக ஒரு பங்கு பெற்றுக்கொள்கிறது.

ஆகவே மாணவன் பெறுவது கடனும் அன்று, தானமும் அன்று, வேலைக்குரிய ஊதியம். அந்த வேலையே பலமுறை அவனுடைய ஆராய்ச்சி நூலாகவும் ஆகிவிடுகிறது.

இலக்கியம், வரலாறு பயில்வோருக்கு இத்தகைய மானியங்கள் மிக அரிது. அவர்கள் பெரும்பாலும் கீழ்வகுப்புகளில் பாடம் நடத்திப் படி பெறுகிறார்கள்.

மாணவன் தன் பெயரிலேயே பெறும் உதவியும் அந்நாட்டில் இல்லாமல் இல்லை. தேசிய விஞ்ஞான நிறுவனம் 1952 முதல் வழங்கி வரும் உபகாரச் சம்பளம் அத்தகையது. ஆனால் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரமாகக் குடியேறியவர்களுக்குமே அது உரியது. நம் பிள்ளைகளோ பேராசிரியரின் மானியத்தையே பெரிதும் நம்ப வேண்டியவர்கள். நம் நாட்டில் தேசியத் தகுதித் தேர்வில் வென்று இளநிலை ஆராய்ச்சியாளர் உதவித்தொகை பெறுபவனுக்கு அது அவன் பெயரிலேயே வருகிறது. 2023 சனவரி முதல் அது மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

யார் பெயரில் பணம் வந்தால் என்ன என்று கேட்பீர்கள். அறிவு புகட்டுபவரும் படியளப்பவரும் ஒருவரே ஆகும்போது, "தாங்கள் சொல்வது தவறாக இருக்கலாம், ஐயா" என்று மாணவனின் நா எளிதில் எழாது. மானியத்துக்கு உட்படாத வினா அவன் உள்ளத்தில் தோன்றினால் அது காத்திருக்க வேண்டும். மானியம் நின்றால் அடுப்பும் நிற்கும். 2025இல் அமெரிக்க அரசு பல மானியங்களை இடையிலேயே நிறுத்தியபோது, சில பல்கலைக் கழகங்கள் ஆராய்ச்சி மாணவர் சேர்க்கையையே குறைத்துவிட்டன.

இதனால் அம்முறையை நான் பழிக்கவில்லை. அது இல்லையேல் எத்தனையோ ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் கப்பலோ விமானமோ ஏறியிருக்க மாட்டார்கள். விண்ணப்பம் எழுதி எழுதியே தம் இரவுகளைக் கழிக்கும் பேராசிரியர்பாலும் எனக்கு இரக்கம் உண்டு. ஆனால் சேருமுன்பே, "என் படி எந்த மானியத்திலிருந்து வருகிறது? அது எந்த ஆண்டோடு முடிகிறது? முடிந்தபின் துறை என்னைத் தாங்குமா?" என்று பணிவோடு கேட்டுவிட வேண்டும். நல்ல நெறியாளர் இதற்குச் சினம் கொள்ளமாட்டார். அதே ஆய்வுக்கூடத்தில் இருக்கும் மூத்த மாணவரைத் தனியே விசாரித்தால் இன்னும் தெளிவான விடை கிடைக்கும்.

திண்ணைக்கு வந்த அந்தத் தந்தையாரின் மகன் மூன்றாம் ஆண்டில் எனக்கு ஒரு கடிதம் எழுதினான். அவனுடைய நெறியாளரின் மானியம் புதுப்பிக்கப்படவில்லை. அவர் அதனை மறைக்காமல், எட்டு மாதங்களுக்கு முன்பே அவனை அழைத்துச் சொல்லி, துறைத் தலைவரிடம் பேசி, இரண்டு பருவங்களுக்குப் பாடம் நடத்தும் வேலை வாங்கிக் கொடுத்தாராம். வாரந்தோறும் 60 விடைத்தாள் திருத்துகிறானாம். "ஞாயிற்றுக்கிழமைகளில் தாங்கள் ஏன் வெளியே வருவதில்லை என்பது இப்போதுதான் விளங்குகிறது, ஐயா" என்று எழுதியிருந்தான். நெறியாளரின் புதிய விண்ணப்பத்துக்கு அக்கடிதம் எழுதிய நாள்வரை விடை வரவில்லை.