வயது போனவர்களுக்கும் சதுரங்கம்
(தோட்ட வாசிகசாலையில் ஆற்றிய உரை)



பிள்ளையிடம் நாலு தடவை தோற்றதும் "வயது போய்விட்டது, இனி மூளையில் ஏறாது" என்று பலகையை மடித்து வைத்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். நானும் மடித்தவன்தான். மூளையில் குறை இல்லை. நாம் தோற்பது பெரும்பாலும் காவல் இல்லாமல் விட்ட காயால்தான்.

எதிராளி காய் நகர்த்தியதும் உடனே கையை நீட்டாதீர்கள். அந்தக் காய் எதை வெட்டப் பார்க்கிறது? என் காய்களில் எதற்குக் காவல் இல்லை? இரண்டையும் பார்த்துவிட்டு நகர்த்துங்கள். சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் மந்திரிக்கும் 3, யானைக்கு 5, ராணிக்கு 9 என்று பெறுமதி. சிப்பாயை வாங்கிக்கொண்டு யானையைக் கொடுப்பது, தராசைப் பார்க்காமல் கொழுந்து கொடுப்பது மாதிரி.

ஆரம்ப நகர்த்தல்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். நடுச் சிப்பாய்களைத் தள்ளி, குதிரை, மந்திரிகளை வெளியே எடுத்து, சீக்கிரம் கோட்டை கட்டி ராஜாவை ஒதுக்குங்கள். இப்போதைக்கு அது போதும்.

தோற்ற ஆட்டத்தை அன்றிரவே திரும்ப அடுக்கிப் பாருங்கள். வெல்லும் பிள்ளையையே கேளுங்கள், வெட்கமில்லை. "அப்பா, குதிரையைத் தனியா விட்டுட்டீங்க" என்று என் மகள் சொன்ன பிறகுதான் எனக்குக் கண் திறந்தது. இன்னும் அவள்தான் வெல்கிறாள். ஆனால் இப்போது யோசித்துத்தான் வெல்ல வேண்டியிருக்கிறது.

ஞாயிறு பின்னேரம் இங்கே பலகை விரித்திருக்கும். அம்மாமாரும் வாருங்கள்.